வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாட்களில் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது?

சாளரம்
12 மே 2020, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவன். முதல் தடவையாகத் திரி தொடங்குகிறேன்.

தனியாக வசிக்கிறேன். வேலை முழுக்கக் கணினியில்தான், அதனால் கொரோனா முடக்கத்தால் மார்ச் நடுவிலிருந்து வீட்டிலிருந்தே செய்கிறேன். சம்பளம் நிற்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் உலகமே தவிக்கும்போது என் குறையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று நடந்தது இது. பல் துலக்கலாம் என்று போனேன். தூரிகையை எடுத்தால் ஈரமாக இருந்தது. இப்போதுதான் துலக்கிவிட்டு வந்தேனா, இல்லை அது காலையில் துலக்கிய ஈரமா, தெரியவில்லை. கண்ணாடி முன்னால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். என்ன கிழமை என்று யோசித்தேன், அதுவும் பிடிபடவில்லை.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. எதுவுமே வராமல் இருப்பதுதான் என்னைக் கலங்கடிக்கிறது. காலையில் விழிப்பு வந்தால், எழுந்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மணி நேரம் படுத்தே கிடக்கிறேன். உங்களுக்கெல்லாம் நாள் எப்படிப் போகிறது? எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள்?

---

எழில்நிலா
13 மே 2020, காலை 7.05

எனக்கும் முதல் மூன்று வாரம் இப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு அட்டவணை போட்டேன். காலை 6 மணிக்கு உடற்பயிற்சி, 8 முதல் 10 வரை ஆன்லைன் வகுப்பு, மாலையில் ஒரு புது மொழி. 1665இல் கொள்ளைநோய் வந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். நியூட்டன் ஊருக்குத் திரும்பிப்போனார். நுண்கணிதமும் ஒளியியலும் ஈர்ப்பு விசையும் அந்த இரண்டு வருடத்தில்தான் அவர் மனதில் உருப்பெற்றன. இப்படி ஒரு காலம் நமக்கு மறுபடி கிடைக்காது. வீணாக்க வேண்டாம் நண்பரே.

---

இரவுப்பணி
13 மே 2020, மாலை 3.20

எழில்நிலா, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் இந்த நியூட்டன் கதையை மார்ச்சிலிருந்து வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு இறுகுகிறது. அவருக்கு அப்போது 22, 23 வயது. போனது குடும்பத்துப் பண்ணை வீட்டுக்கு. கேம்பிரிட்ஜில் இருந்தபோதே அந்தக் கணக்குகளில் இறங்கியிருந்தார். ஈர்ப்பு விசை நூலாக அச்சில் வந்தது 1687இல், அதாவது 20 வருடத்துக்கும் மேல் கழித்து. கதவை மூடினால் யாருக்கும் மூளை திறந்துகொள்ளும் என்பதுபோல இதைச் சொல்லும்போது, எழவே முடியாமல் படுத்திருப்பவருக்கு இன்னொரு குற்றவுணர்ச்சிதான் சேர்கிறது.

நான் செவிலியர். பணி முடிந்ததும் வீட்டிலேயே ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. தினமும் காலையில் ஒரு தாளில் கேள்வி எழுதி கதவுக்கு அடியில் தள்ளுவாள். "மீனுக்குத் தாகம் எடுக்குமா?" "நேற்று எங்கே போகும்?" நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். கதவு இடுக்கில் அவளுடைய இரண்டு கால்களின் நிழல் தெரியும். பதில் முடியும்வரை அந்த நிழல் அசையாது. பிடிக்காத பதில் என்றால் ஒரு கால் மட்டும் தேய்க்கும்.

இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுகிறவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறேன். உடம்பு படுக்கையைத்தான் கேட்கிறது. ஆனாலும் அந்தத் தாள் தரையில் உரசும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். எனக்கு இருக்கும் பிடி அவ்வளவுதான் தம்பி.

---

எழில்நிலா
13 மே 2020, மாலை 4.02

மன்னியுங்கள் அக்கா. அப்படி யோசிக்கவில்லை. அட்டவணை எனக்கு உதவுகிறது என்பது உண்மை, அதை எல்லோருக்கும் மருந்தாக நீட்டியது தப்பு.

---

பழையகடிகாரம்
13 மே 2020, இரவு 8.15

சாளரம் தம்பி, அந்த ஈரத் தூரிகையை வாசித்ததும் மிஷேல் சிஃப்ர் நினைவுக்கு வந்தார். பிரெஞ்சு நிலவியலாளர். 1962 ஜூலை 16 அன்று, 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கினார். கடிகாரம் இல்லை, சூரியன் இல்லை. தூங்கும்போதும் விழிக்கும்போதும் மேலே இருந்த குழுவுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் மட்டும் மணி என்ன என்று சொல்லக்கூடாது.

ஒரு சோதனை வைத்திருந்தார்கள். நொடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண வேண்டும். அவர் சரியாகத்தான் எண்ணுகிறோம் என்று நினைத்து எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14 அன்று மேலே வரச் சொன்னபோது, ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார். 25 நாள் தொலைந்துபோயிருந்தது.

புத்தி தெளிவாக இருந்த ஒருவருக்கே அப்படி. வெளியிலிருந்து அடையாளம் எதுவும் வராவிட்டால் மனம் நாட்களை ஒன்றாக ஒட்டிவிடும். உங்களுக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை மார்ச் கடைசியில் நடக்க வேண்டியது, தள்ளிப்போட்டுவிட்டார்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி இதைத் தட்டுகிறேன். அலமாரியில் இருக்கும் புத்தகங்களைப் பெரிதாக்க வழியில்லை. 41 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், வாசிக்காமல் ஒருநாளும் தூங்கியதில்லை.

---

கடலோடி
14 மே 2020, அதிகாலை 1.10

வணிகக் கப்பலில் அதிகாரியாக வேலை. ஆறு மாதம் நான்கு இரும்புச் சுவருக்குள் வாழ்ந்து பழகியவன் என்ற தைரியத்தில், இந்த முடக்கம் என்னை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்திலேயே ஆட்டிப்பார்த்துவிட்டது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டு காரணம் தெரிந்தது.

ஒன்று, கப்பலில் இறங்கும் நாள் தெரியும். ஆறு மாத ஒப்பந்தத்தில் நான்காம் மாதத்துக்கு மேல்தான் எல்லோரும் சிடுசிடுப்பார்கள். அண்டார்டிகா நிலையங்களில் குளிர்காலம் கழிப்பவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள், பாதி தாண்டிய பிறகு மனம் சரிவதை 'மூன்றாம் கால்பகுதி' என்றே சொல்கிறார்கள். இப்போது நமக்குப் பாதி எது, முக்கால் எது என்று தெரியாது. முடிவே தெரியாத பயணத்தில் நாள் எண்ணி எதுவும் ஆவதில்லை. நான் நாட்காட்டியில் கோடு போடுவதை நிறுத்திய அன்றுதான் கொஞ்சம் தெளிந்தேன்.

இரண்டாவதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கப்பலில் நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி காவல். என் காவல் நள்ளிரவு 12 முதல் 4 வரை என்றால், அடுத்தவர் மேலே வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை நான் இறங்க முடியாது. நான் ஐந்து நிமிடம் தாமதித்தால் எனக்கு முந்தையவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். படுக்கையை விட்டு எழ எனக்கு ஒருநாளும் மனவுறுதி தேவைப்பட்டதில்லை. மேலே ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு எனக்காக நிற்கிறார் என்பது போதும். வீட்டில் அப்படி யாரும் நிற்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இரவுப்பணி அக்கா சொன்ன அந்தக் காலடி நிழலும் இதுதான் என்று படுகிறது.

---

மூன்றாம்மாடி
14 மே 2020, பகல் 2.45

எல்லோரும் தனிமை பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தனிமை கிடைப்பதே இல்லை. இரண்டு அறை வீடு, ஆறு பேர். இரண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, கணவருக்கும் எனக்கும் அலுவலகக் கூட்டங்கள், மாமனாருக்கு மணிக்கொரு மாத்திரை, மாமியாருக்கு முட்டி வலி. எனக்காகக் காத்திருப்பவர்களுக்குக் குறைவே இல்லை. காலையில் ஏன் எழ வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை, யோசிக்க விட்டால்தானே.

ஆனால் போன வாரம் பெரியவன் பென்சில் சீவித் தரச் சொன்னான். சீவினேன், முனை உடைந்தது. மறுபடி சீவினேன், மறுபடி உடைந்தது. பென்சிலைச் சுவரில் அடித்துவிட்டேன். பிள்ளை பயந்து பின்னால் நகர்ந்தான். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் சொல்கிறேன், நோக்கம் இருந்தால் மனம் நிலைப்படும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு ஒன்று நிரம்பி வழிகிறது, மற்றது துளியும் இல்லை.

அன்றிரவே கணவரிடம் உட்கார்ந்து பேசினேன். தினமும் மாலை 6 முதல் 6.30 வரை நான் மொட்டைமாடியில். யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன். காலையில் அதே அரை மணி அவருக்கு. முதல் இரண்டு நாள் மேலே நின்றுகொண்டு கீழே சத்தம் கேட்கிறதா என்றே காது வைத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் வானத்தைப் பார்த்தேன்.

---

வெறுங்கை
14 மே 2020, மாலை 5.30

வேலை போய் ஆறு வாரம் ஆகிறது. வாடகை நிற்கிறது. என்னைப் போன்றவர்களிடம் மூச்சுப்பயிற்சி, அட்டவணை, நோக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடத் தோன்றுகிறது. எனக்கு வந்திருப்பது மனநோய் இல்லை, பணக்கஷ்டம்.

---

நடுவழி
14 மே 2020, இரவு 9.50

மனநல ஆலோசனையில் இருக்கிறேன். வெறுங்கை சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அவர் சொல்வது சரி. இந்த பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. முன்பு சார்ஸ், எபோலா போன்ற தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். மனதைப் பாதிப்பவை என்று அதில் வருபவை: எத்தனை நாள் என்பது, தொற்றுப் பயம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள் கிடைக்காதது, சரியான தகவல் கிடைக்காதது, வருமான இழப்பு. இவற்றில் பாதிக்கு மேல் மனதுக்கு வெளியே இருப்பவை. லாசரஸ், ஃபோக்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் பிரித்துக் காட்டியது இங்கே பயன்படும். பிரச்சினையின் மீதே கைவைக்க முடியும் என்றால் முதலில் அதைச் செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் தவணை கேட்பது, நிவாரணத்துக்கு விண்ணப்பிப்பது, தெரிந்தவர்களிடம் வேலை கேட்பது எல்லாம் உங்கள் மனதுக்கான சிகிச்சையும்தான். கைவைக்க வழியே இல்லாத இடத்தில்தான் மனதை ஆற்றும் வழிகளுக்கு வேலை.

அதே தொகுப்பில் இன்னொன்றும் இருந்தது. கட்டாயத்தால் அடைபட்டோம் என்று நினைப்பதைவிட, இன்னொருவரைக் காப்பாற்றத்தான் உள்ளே இருக்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் தாங்குவது எளிதாகிறது. இத்திரியில் கடலோடியும் இரவுப்பணியும் வேறு வார்த்தையில் அதைத்தான் சொன்னார்கள்.

சாளரம், உங்களுக்கு. உற்சாகம் வந்ததும் எழலாம் என்று காத்திருக்கிறீர்கள். அது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கும். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கினார். மகிழ்ச்சி தரும் செயல்கள் குறைந்தால் மனம் தாழ்கிறது, மனம் தாழ்ந்தால் செயல்கள் இன்னும் குறைகின்றன. செயலின் பக்கம்தான் நாம் உள்ளே நுழைய முடியும். மிகச் சின்னதாக, நேரம் குறித்து, மனம் எப்படியிருந்தாலும் செய்துவிடுவது.

உறக்கம் பற்றி. படுக்கையில் விழித்துக் கிடக்கக் கிடக்க, படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடுகிறது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்பவர் சொன்ன முறை இன்றும் நிற்கிறது. 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்ததும் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்குப் போங்கள். வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும், நல்ல வெயிலில் 1 லட்சம் வரை போகும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்ய அது வேண்டும். வெளியே போக முடியாதென்றால் ஜன்னலோரம். செய்தி ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும், படுக்கும் முன் வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் மூன்றும் போய்விட்டால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, இந்தத் திரியோடு நிற்காமல் மருத்துவரையோ உதவி எண்ணையோ அழையுங்கள். தொலைபேசியிலேயே ஆலோசனை கிடைக்கிறது.

---

மட்டுறுத்துநர்
14 மே 2020, இரவு 10.30

ஒரு குறிப்பு. சிலருக்கு வீடே பாதுகாப்பான இடமாக இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஐநா பொதுச் செயலாளர் குட்டெரஸ், குடும்ப வன்முறை உலகெங்கும் அஞ்சும் அளவுக்கு ஏறியிருப்பதாகச் சொல்லி, அரசுகள் தடுப்பு நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொண்டார். அப்படியொரு நிலையில் இருப்பவர்கள் பொதுவில் எழுத வேண்டாம், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம்.

---

தூரத்துமகன்
17 மே 2020, அதிகாலை 3.35

எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அம்மா போய்விட்டார்கள். எல்லைகள் மூடியிருந்தன. கடைசியாக ஃபோன் திரையில் பார்த்தேன். யாரோ ஃபோனைப் பிடித்திருந்தார், அவர் கை நடுங்கியதால் அம்மா முகம் ஆடிக்கொண்டே இருந்தது. அசையாமல் பிடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் இணைப்பு அறுந்துவிட்டது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவை அழைக்கக் கை போகிறது. போனது மனதில் பதியவே இல்லை.

---

இரவுப்பணி
17 மே 2020, காலை 6.10

தம்பி, இப்போதுதான் பணி முடிந்து வந்தேன். அந்த ஃபோனைப் பிடிக்கும் கை பல தடவை என்னுடையதாக இருந்திருக்கிறது. கையுறைக்குள் வியர்த்து வழுக்கும், முகக்கவசக் கண்ணாடி பனிபிடித்துவிடும், எதிரே இருப்பவர் பிள்ளை என்று தெரியும். அதனால்தான் நடுங்கும். அம்மா பக்கத்தில் யாருமே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருவர் இருந்திருக்கிறார்.

---

நடுவழி
17 மே 2020, காலை 9.25

தூரத்துமகன், பாலின் பாஸ் என்ற அறிஞர் 1970களிலிருந்து இதை ஆராய்ந்து வருகிறார். காணாமல்போன படைவீரர்களின் குடும்பங்களிலிருந்து தொடங்கினார். விடைபெறவோ உடலைப் பார்க்கவோ முடியாதபோது துயரம் உறைந்து நின்றுவிடுகிறது. அது உங்கள் பலவீனத்தால் வந்ததில்லை, நிலைமையால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கை போனால் தடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அம்மாவைத் தெரிந்த வேறு ஒருவரை அழைத்து அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

---

பழையகடிகாரம்
17 மே 2020, இரவு 7.40

தூரத்துமகனுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. தினமும் இரவில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

சாளரம் தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுத்தால் வருந்தமாட்டேன். உனக்குக் குரல் இருக்கிறது, எனக்குக் கேட்கக் காது இருக்கிறது. தினமும் மாலை 7 மணிக்கு அரை மணி நேரம் தொலைபேசியில் எனக்கு ஏதாவது வாசித்துக் காட்டுவாயா? எதுவானாலும் சரி. எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

சாளரம்
9 ஜூன் 2020, இரவு 9.15

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐயாவுக்கு இன்றோடு 22 நாள் வாசித்திருக்கிறேன்.

முதல் நாள் தடுமாறினேன். அந்த வாரத்தில் வாய்விட்டுப் பேசியதே அன்றுதான் என்று வாசிக்கும்போதுதான் உணர்ந்தேன், தொண்டை கரகரத்தது. ஐயா நடுவில் நிறுத்தி, "ழகரம் வழுக்குகிறது, மறுபடி சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படித் திருத்தியதில்லை. இப்போது பகலில் அடுத்த பகுதியை ஒருமுறை எனக்குள் வாசித்துத் தயாராகிறேன். 6.55க்குத் தண்ணீர் எடுத்துவைக்கிறேன். ஃபோன் முதல் மணி அடித்து முடிவதற்குள் அவர் எடுத்துவிடுவார், ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது.

காலையில் படுத்துக்கிடப்பது முழுசாகப் போய்விடவில்லை. போன வியாழன் மோசமான நாள், மதியம்வரை எழவில்லை. ஆனால் அது வியாழன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தைய நாள் ஒரு அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தியிருந்தோம். அன்றும் 7 மணிக்கு அழைத்தேன். குரலைக் கேட்டதுமே ஐயா, "இன்று நான்கு பக்கம் போதும்" என்றார். நடுவழி சொன்னபடி ஆலோசகர் ஒருவரிடமும் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

---

வெறுங்கை
9 ஜூன் 2020, இரவு 10.05

தவணைக்கு வீட்டு உரிமையாளர் ஒத்துக்கொண்டார். வேலை இன்னும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

---

சாளரம்
7 மே 2023, மாலை 6.20

பழைய திரியை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். நேற்று முன்தினம் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்ததைப் பார்த்ததும் இங்கே வரத் தோன்றியது.

ஐயாவுக்கு 2020 அக்டோபரில் ஒரு கண்ணிலும், அடுத்த ஜனவரியில் மறு கண்ணிலும் அறுவை நடந்தது. இப்போது என்னைவிட நன்றாகப் படிக்கிறார். ஆனாலும் ஞாயிறு, புதன் 7 மணி இன்னும் எங்களுடையதுதான். ஞாயிறு நான் வாசிக்கிறேன், புதன் அவர். கணக்கு வாத்தியார் வாசிப்பு, ஒவ்வொரு நிறுத்தற்குறிக்கும் அளந்து நிற்பார்.

2022 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனமே ஒரு தகவல் வெளியிட்டது. பெருந்தொற்றின் முதல் வருடத்தில் மட்டும் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாம். அன்று ஈரத் தூரிகையோடு நின்றபோது அவ்வளவு பேர் என்னோடு நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கூச்சப்பட்டு இந்தத் திரியைத் தொடங்காமலே விட்டிருப்பேன்.

கடலோடி அண்ணா மறுபடி கப்பலில் இருக்கிறார், நேரம் கிடைக்கும்போது எழுதுகிறார். தூரத்துமகன் போன வருடம் ஊருக்குப் போய்வந்தார்.

இரவுப்பணி அக்கா, 2020 ஆகஸ்டுக்குப் பிறகு உங்கள் பதிவு எதுவும் இல்லை. தனிச்செய்திக்கும் பதில் வரவில்லை. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள். பாப்பாவுக்கு இப்போது பத்து வயது ஆகியிருக்கும். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்ற கேள்விக்கு அன்று நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஐயா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.